கோலம் தள்ளாடாமல் சுழல: காணொளித் தொகுப்பில் சுழற்சி, புதியவர்களுக்கான வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை மடிக்கணினியோடு என்னைப் பார்க்க வந்தார். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நான் திருமணக் காணொளிகளையும் கோயில் நிகழ்ச்சிக் காணொளிகளையும் தொகுத்துக் கொடுக்கிறேன். அவர் தம் குடியிருப்பின் தீபாவளி உபசரிப்புக்காக ஒரு வாழ்த்துக் காணொளி செய்திருந்தார். வண்ண அரிசிக் கோலம் ஒன்று திரையின் நடுவில் மெதுவாகச் சுழலும், அதன்மேல் வாழ்த்து வரிகள் வரும். நல்ல எண்ணம். ஆனால் கோலம் சுழலவில்லை, நெளிந்துபோன மிதிவண்டிச் சக்கரம்போல் தள்ளாடியது.

"எண்ணெல்லாம் சரியாகத்தான் போட்டேன் அண்ணே, ஏன் இப்படி ஆடுகிறது?" என்றார்.

எண்கள் சரியாகவே இருந்தன. மையம்தான் தவறியிருந்தது. புதிதாகத் தொகுக்க வருகிறவர்கள் சுழற்சி என்றதும் எத்தனை பாகை, எத்தனை விநாடி என்று கணக்கிடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்தப் புள்ளியைச் சுற்றி? எது சுழலாமல் நிற்க வேண்டும்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் மென்பொருளில் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. அந்தத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள். விலையில்லாப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

படத்தைத் தயார் செய்தல்

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஒரு படத்தைச் சுழற்றச் சொன்னால், மென்பொருள் அந்தப் படத்தின் செவ்வகத்துக்கு நடுப்புள்ளி எதுவோ அதைச் சுற்றிச் சுழற்றும். கோலத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கோலம் செவ்வகத்தின் நடுவிலிருந்து 40 பிக்சல் விலகியிருந்தால், சுழலும்போது அது 40 பிக்சல் ஆரமுள்ள ஒரு வட்டத்தில் அலையும். இடமிருந்து வலம் மொத்தம் 80 பிக்சல் ஆட்டம். பெரிய திரையில் அது கண்ணை உறுத்தும்.

தீபாவளி நேரத்தில் பினாங்கின் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலங்கள் இடுவார்கள். பலர் அவற்றை மேல்மாடிக் கம்பியில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் படமெடுக்கிறார்கள். சாய்வாக எடுத்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகிவிடும், அதைச் சுழற்றினால் முட்டை உருள்வதுபோல் இருக்கும். முடிந்தவரை நேர்மேலிருந்து எடுங்கள். முடியாவிட்டால் கிம்ப் போன்ற படத் திருத்த மென்பொருளில், சாய்வைச் சரிசெய்யும் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் மூலைகளை இழுத்து, கோலத்தின் அகலமும் உயரமும் ஒரே அளவுக்கு வரும்வரை திருத்துங்கள்.

அடுத்து, 2000-க்கு 2000 பிக்சல் அளவில் ஒரு சதுரப் பரப்பைத் திறந்து, 1000 என்ற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வழிகாட்டிக் கோடுகள் போடுங்கள். கோலத்தை வட்டமாக வெட்டியெடுத்து, அதன் நடுப்புள்ளி கோடுகள் சந்திக்கும் இடத்தில் சரியாக அமரும்படி நகர்த்துங்கள். புள்ளிக் கோலமாக இருந்தால் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. பூக்கோலமாக இருந்தால் விளிம்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரியாக அமர்ந்திருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கோலத்தின் அடுக்கை நகலெடுத்து, நகலை 180 பாகை திருப்பி, அதைப் பாதி ஒளிபுகும்படி மங்கலாக்கி மேலே வையுங்கள். இரண்டு விளிம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மையம் சரி. இரட்டை விளிம்பு தெரிந்தால், அந்த இடைவெளியில் பாதி அளவு கோலத்தை நகர்த்துங்கள். நான் இன்றுவரை ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சோதனை அடுக்கை நீக்கிவிட்டு பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பில் பின்னணி வெறுமையாக இருக்க வழியில்லை. கோலத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்றும் சேர்ந்து சுழலும்.

முதல் சுழற்சி

ரிசால்வில் புதிய திட்டம் ஒன்றைத் திறந்ததும், எந்தக் கோப்பையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன், அமைப்புகளில் திரையளவை 1920-க்கு 1080 என்றும் வேகத்தை விநாடிக்கு 25 ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) என்றும் வைத்துவிடுங்கள். காட்சிகள் உள்ளே வந்தபின் ஃபிரேம் வேகத்தை மாற்ற ரிசால்வ் இடம் தராது. கைத்தொலைபேசிக்கு மட்டும் செய்கிறீர்கள் என்றால் 30 வைத்தாலும் குற்றமில்லை. கீழே வரும் கணக்குகள் 25-க்கு உரியவை.

பின்னணிக் காட்சியைக் கீழ்த்தடத்திலும் கோலத்தை அதற்கு மேல்தடத்திலும் வையுங்கள். கோலத்தைச் சொடுக்கினால் வலப்பக்கம் இன்ஸ்பெக்டர் பலகம் திறக்கும். அதில் டிரான்ஸ்ஃபார்ம் பகுதியில் அளவு, இடம், ரொட்டேஷன் ஆங்கிள், ஆங்கர் பாயின்ட் என்ற வரிகள் இருக்கும். ஆங்கர் பாயின்ட்தான் சுழற்சி மையம். படத்தை முன்பே சரியாகத் தயாரித்துவிட்டதால் அதைத் தொட வேண்டியதில்லை.

இப்போது எவ்வளவு வேகம் என்று முடிவு செய்ய வேண்டும். புதியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வேகமாகச் சுழற்றிவிடுகிறார்கள். பின்னணியில் சுழலும் கோலம் வாழ்த்தைப் படிக்கவிடாமல் கண்ணை இழுக்கக் கூடாது. ஒரு சுற்றுக்கு 480 ஃபிரேம், அதாவது 19 விநாடிக்குச் சற்று மேல் என்பது எனக்குப் பிடித்த வேகம். 360-ஐ 480-ஆல் வகுத்தால் ஃபிரேம் ஒன்றுக்கு 0.75 பாகை.

திசையையும் யோசியுங்கள். கோயிலை நாம் வலம் வருகிறோம். மேலிருந்து பார்க்கும் கோலமும் வலஞ்சுழியாகச் சுழன்றால்தான் நம் கண்ணுக்கு மங்கலமாக இருக்கிறது. மென்பொருளில் எண் கூடும்போது படம் இடஞ்சுழியாகப் போனால், எண்ணுக்கு முன் கழித்தல் குறி இடுங்கள்.

கோலத்தின் நீளத்தை 480 ஃபிரேமாக வைத்துக்கொண்டு, காலக்கோட்டில் நகரும் காட்டியை அதன் முதல் ஃபிரேமுக்குக் கொண்டுசெல்லுங்கள். ரொட்டேஷன் ஆங்கிள் வரியில் 0 இருக்கட்டும். அதன் வலப்பக்கத்திலுள்ள சிறிய வைரக் குறியைச் சொடுக்குங்கள். குறி சிவப்பாக மாறினால் கீஃபிரேம், அதாவது இந்த ஃபிரேமில் இந்தக் கோணம் என்ற குறிப்பு, பதிந்துவிட்டது என்று பொருள். பிறகு காட்டியைக் கடைசி ஃபிரேமுக்கு நகர்த்தி, கோணத்தை மாற்றுங்கள். இரண்டாவது கீஃபிரேம் தானாகவே பதிந்துவிடும். இடைப்பட்ட கோணங்களை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பும்.

இந்த இரண்டாவது எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாரும் 360 என்று போடுவார்கள். ஆனால் 360 பாகையும் 0 பாகையும் ஒரே தோற்றம்தானே? காணொளி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும்போது ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு ஃபிரேமில் வரும். கோலம் ஒரு கணம் விக்கி நிற்கும். கடைசி ஃபிரேமில் ஓர் அடி குறைவாக, 359.25 என்று போடுங்கள். அடுத்த 0.75 பாகைதான் மறுசுற்றின் முதல் ஃபிரேம். விக்கல் போய்விடும்.

கீஃபிரேமின் வகை லீனியர், அதாவது ஒரே சீரான வேகம், என்பதாக இருக்க வேண்டும். ஈஸ் வகையில் வைத்தால் கோலம் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மெதுவாகக் கிளம்பி, முடிவில் மெதுவாக நிற்கும். முடிவில்லாமல் சுழல வேண்டிய பொருளுக்கு அது ஒவ்வாது. சுழன்று ஓயும் பம்பரம், பொத்தானை அணைத்தபின் நிற்கும் மின்விசிறி ஆகியவற்றுக்கு ஈஸ்தான் உயிர் தரும்.

எட்டிதழ்க் கோலமாக இருந்தால் 45 பாகை சுழன்றதுமே பழைய தோற்றம் வந்துவிடும் என்பதால், 60 ஃபிரேம் செய்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். கணினியில் வரைந்த கோலத்துக்கு இது பொருந்தும். இதழ்களின் நிறம் ஒன்றுவிட்டு ஒன்று மாறினால் 90 பாகை வேண்டும். கையால் இட்ட கோலத்தில் எட்டு இதழும் அச்சு வார்த்ததுபோல் இராது. அதுதான் அதன் அழகு. அதற்கு முழுச் சுற்றே போடுங்கள்.

பல சுற்று வேண்டுமானால்

நீண்ட நேரச் சுழற்சிக்கு நான் கீஃபிரேம் வைப்பதில்லை. மேல்தடத்திலுள்ள கோலத்தின்மேல் வலச்சொடுக்குச் செய்து, ரிசால்விலேயே உள்ள ஃபியூஷன் பக்கத்தில் திறக்கிறேன். அங்கே மீடியா இன், மீடியா அவுட் என்று இரண்டு பெட்டிகள் ஒரு கோட்டால் இணைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற பெட்டியைச் சேருங்கள். அதன் ஆங்கிள் வரியில் வலச்சொடுக்குச் செய்து எக்ஸ்பிரஷன் என்பதைத் தேர்ந்தால் ஒரு வரி திறக்கும். அதில் கழித்தல் குறி, டைம் என்ற ஆங்கிலச் சொல் சிறிய எழுத்துகளில், பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி, பிறகு 0.75 என இடைவெளியின்றித் தட்டுங்கள். டைம் என்பது ஃபிரேம் எண். ஃபிரேமுக்கு 0.75 பாகை என்ற கணக்கு அப்படியே சூத்திரமாகிவிட்டது. காட்சியை எவ்வளவு நீட்டினாலும் கோலம் நிற்காது.

முதலில் வேலை செய்த எடிட் பக்கத்தில் ஏற்கெனவே வைத்த கீஃபிரேம்களை அழித்துவிட்டு இதைச் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் வேகம் இரட்டிப்பாகும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: பிரீமியர் புரோவில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பலகத்தில் மோஷன் என்பதன்கீழ் ரொட்டேஷன், ஆங்கர் பாயின்ட் இரண்டும் இருக்கும், கடிகாரக் குறியைச் சொடுக்கினால் கீஃபிரேம் பதியும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஆர் விசையை அழுத்தினால் ரொட்டேஷன் வரி வரும், அது முழுச் சுற்றுகளையும் பாகைகளையும் தனித்தனியாகக் காட்டும். கேடென்லைவில் டிரான்ஸ்ஃபார்ம் என்ற விளைவைச் சேர்க்க வேண்டும். பொத்தான்கள் இடம் மாறும், கணக்கு மாறாது.

எது சுழலக் கூடாது

வாழ்த்து எழுத்துகள் சுழலக் கூடாது. சாமி படத்தையும் ஓம் எழுத்தையும் சுழற்றித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். தலைகீழாக ஒரு கணம் நின்றாலும் பார்ப்பவர் மனம் சங்கடப்படும். அவற்றை நடுவில் அசையாமல் வைத்து, பின்னால் கோலத்தையோ ஒளிவட்டத்தையோ சுழற்றினால் கண்ணும் நிறையும், மரியாதையும் இருக்கும்.

நிழலும் சுழலக் கூடாது. படத் திருத்த மென்பொருளிலேயே நிழல் சேர்த்துவிட்டால், கோலத்தோடு நிழலும் சுற்றும். விளக்கு ஓரிடத்தில் இருக்க, நிழல் மட்டும் மேலும் கீழும் அலைவதைப் பார்ப்பவர்கள், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பொய் என்று உணர்ந்துவிடுவார்கள். ஃபியூஷனில் டிரான்ஸ்ஃபார்ம் பெட்டிக்குப் பிறகு ஷேடோ பெட்டியை வையுங்கள். முதலில் சுழற்சி, பிறகு நிழல். வரிசை மாறினால் விளைவு மாறும்.

இதே வரிசைப் பாடம் பக்கவாட்டில் சாய்ந்து தெரியும் சக்கரத்துக்கும் பொருந்தும். நீள்வட்டமாகத் தெரியும் சக்கரத்தை அப்படியே சுழற்றினால் புரளும். முழுவட்டச் சக்கரத்தை முதலில் சுழற்றி, அதற்கடுத்த டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் அகலத்தை மட்டும் குறுக்குங்கள்.

இனி தீபாராதனை. இது நான் மிகவும் விரும்பிச் சொல்லிக்கொடுக்கும் பாடம். குருக்கள் தீபத்தை வட்டமாகக் காட்டுகிறார், ஆனால் தீபம் சாய்வதில்லை, சுடர் எப்போதும் மேல்நோக்கியே நிற்கிறது. அதாவது தீபம் ஒரு புள்ளியைச் சுற்றி வருகிறது, தன்னைத்தானே சுழலவில்லை. ராட்டினத்தின் இருக்கைகளும் அப்படித்தான். சும்மா சுழற்றினால் தீபம் கீழே வரும்போது தலைகீழாகிவிடும்.

இதற்கு இரண்டு எதிரெதிர்ச் சுழற்சிகள் வேண்டும். தீபத்தின் படத்தை 1920-க்கு 1080 அளவுள்ள வெறும் பரப்பில், வட்டப் பாதையின் உச்சியில் இருக்கும்படி வரைந்து சேமியுங்கள். பரப்பு சிறிதாக இருந்தால் சுற்றும்போது தீபம் ஓரத்தில் வெட்டுப்படும். ஃபியூஷனில் இரண்டு டிரான்ஸ்ஃபார்ம் பெட்டிகளை அடுத்தடுத்து இணையுங்கள். முதல் பெட்டியின் பிவட், அதாவது சுழற்சி மையம், தீபத்தின் நடுவில் இருக்கட்டும், அதன் சூத்திரம் டைம் பெருக்கல் 4.8. இரண்டாவது பெட்டியின் பிவட் வட்டப் பாதையின் மையத்தில், அதாவது திரையின் நடுவில் இருக்கட்டும், அதன் சூத்திரம் கழித்தல் டைம் பெருக்கல் 4.8. முதலாவது தீபத்தை ஒரு பக்கம் திருப்ப, இரண்டாவது அதே அளவு மறுபக்கம் திருப்பியபடி சுற்றிக் கொண்டுபோகும். சுடர் நேராகவே நிற்கும். 75 ஃபிரேமுக்கு ஒரு சுற்று, மூன்று விநாடி. இதைவிட வேகம் வேண்டாம்.

உருளும் சக்கரம்

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கி வரும் காட்சியைச் சின்னஞ்சிறு அசைவோவியமாகச் செய்து பகிரப் பலர் ஆசைப்படுகிறார்கள். ரதத்தின் உடல் ஒரு படம், சக்கரம் தனிப் படம் என்று பிரித்து வரைந்துகொள்ளுங்கள். உடல் நகரும், சக்கரம் நகர்ந்துகொண்டே சுழலும்.

எவ்வளவு சுழல வேண்டும் என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். போட்டால் சக்கரம் சேற்றில் வழுக்குவதுபோல் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த சுற்றளவுக் கணக்கு இங்கே கைகொடுக்கும். திரையில் சக்கரத்தின் விட்டம் 200 பிக்சல் என்றால், 3.1416-ஆல் பெருக்க, சுற்றளவு ஏறக்குறைய 628. ரதம் 628 பிக்சல் நகர்ந்தால் சக்கரம் சரியாக ஒரு சுற்று. 1256 பிக்சல் நகர்ந்தால் இரண்டு சுற்று, 720 பாகை. அதை 20 விநாடியில் செய்தால் ஃபிரேமுக்கு 1.44 பாகை. பாதி விட்டமுள்ள சிறிய சக்கரம் இருந்தால் அது அதே தூரத்துக்கு நான்கு சுற்று சுற்றும். வலப்பக்கம் போகும் ரதத்தின் சக்கரம் வலஞ்சுழி, இடப்பக்கம் போனால் இடஞ்சுழி.

ரதம் மெதுவாகக் கிளம்ப வேண்டும் என்று நகர்வுக்கு ஈஸ் வைத்தால், சுழற்சிக்கும் அதே ஃபிரேம்களில் அதே ஈஸ் வைக்க வேண்டும். ஒன்றுக்கு வைத்து மற்றொன்றை விட்டால் கிளம்பும்போது சக்கரம் வழுக்கும்.

ஜார்ஜ் டவுன் பெச்சாவை, அதாவது மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டியை, அசைவூட்டுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். மிதிவண்டிச் சக்கரத்தில் 36 கம்பிகள் வரைந்தால், ஒவ்வொன்றுக்கும் இடையே 10 பாகை. ஃபிரேமுக்குச் சரியாக 10 பாகை சுழன்றால் ஒரு கம்பியின் இடத்துக்கு அடுத்த கம்பி வந்து நிற்கும், சக்கரம் நிற்பதாகவே தெரியும். 5 பாகையைத் தாண்டினாலே பின்னோக்கிச் சுற்றுவதுபோல் கண் ஏமாறத் தொடங்கும். ஃபிரேமுக்கு 5 பாகை என்பது மூன்று விநாடிக்கு ஒரு சுற்றைவிடச் சிறிதே வேகம்தான், பெச்சா அதைவிட விரைவாக ஓடும். இரண்டு வழிகள் உண்டு. சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு பூவைக் கட்டுங்கள், நம் ஊர்ப் பெச்சாக்களில் பிளாஸ்டிக் பூக்களுக்குப் பஞ்சமா என்ன. கண் அந்தப் பூவைப் பின்தொடரும். மற்றது, டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியின் செட்டிங்ஸ் பகுதியில் மோஷன் பிளர் என்பதைத் தேர்வது. ஷட்டர் ஆங்கிள் 180 என்று வைத்தால், ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதியளவு அசைவு மங்கலாகப் பதியும், கேமராவில் எடுத்ததுபோல் இருக்கும். அங்கேயுள்ள குவாலிட்டி எண் மிகக் குறைவாக இருந்தால் மங்கலுக்குப் பதில் தனித்தனிக் கம்பிகளாக நிழல் விழும். 8 அல்லது 10 வரை கூட்டிப் பாருங்கள். கணினி மூச்சு வாங்கினால், வேலை முடியும்வரை அணைத்து வைத்துக் கடைசியில் இயக்குங்கள்.

முழுத்திரைக் காட்சியையே சுழற்ற விரும்புகிறவர்களுக்கு ஓர் எண் மட்டும்: 1920-க்கு 1080 திரையின் மூலைவிட்டம் ஏறக்குறைய 2203 பிக்சல். மூலைகளில் கறுப்பு தெரியாமல் முழுச் சுற்றுச் சுற்ற, காட்சியை அதன் அளவில் 204 விழுக்காடாகப் பெரிதாக்க வேண்டும். அவ்வளவு பெரிதாக்கினால் காட்சி மங்கும், அதனால் 4கே அளவில் எடுத்த காட்சியைப் பயன்படுத்துங்கள்.

மண்டபத்துக்குக் கொண்டுபோகும் முன்

வெளியேற்றும்போது ஃபிரேம் வேகம் 25 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். 30 என்று மாறியிருந்தால் சில ஃபிரேம்கள் இருமுறை வந்து, மெதுவான சுழற்சியில் தத்தல் தெரியும்.

மண்டபத் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகி ஓட்டும்போது, ஒவ்வொரு முறை காணொளி முடிந்து தொடங்கும்போதும் திரை ஒரு கணம் கறுத்துப்போவதுண்டு. 359.25 என்று எவ்வளவு கவனமாகப் போட்டிருந்தாலும் அது பயன்படாமல் போகும். பட்டர்வொர்த் தங்கைக்கு அதனால் சூத்திர முறையில் கோலத்தை ஒரு மணி நேரத்துக்கு நீட்டி, ஒரே கோப்பாக வெளியேற்றிக் கொடுத்தோம். கோப்பு பெரிதாகும். பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டு, விருந்துக்கு முதல் நாளே அந்த மண்டபத் தொலைக்காட்சியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.